காபி காய்க்கும் வரைக்கும் என்ன சாப்பிடுவே?

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் மிளகைக் காயப்போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். ஏற்காட்டு மலைமேல் இருக்கும் எங்கள் கரடியூரில் மாசி வெயிலை நம்ப முடியாது. பத்து மணிக்குச் சுள்ளென்று அடிக்கும். பதினொன்றுக்கு மூட்டம் ஏறி வந்து எதிர்வீட்டையே மறைத்துவிடும். தார்ப்பாயைக் கையோடு வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

பக்கத்து வீட்டு அக்கா மகன் வந்தான். சேலத்தில் பி.காம் கடைசி வருஷம் படிக்கிறான். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

“மாமா, நீங்க மெட்ராஸ்ல சினிமாவுல இருந்தீங்கதானே?”

“இருந்தேன்னு சொல்ல முடியாதுடா. சுத்திக்கிட்டு இருந்தேன்.”

“எனக்கு நடிக்கணும் மாமா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. கேட்க வேண்டியதை எல்லாம் எழுதிட்டு வந்திருக்கேன்.”

வாங்கிப் பார்த்தேன். ஒன்பது கேள்வி. எங்கே போகணும், எத்தனை வருஷம் ஆகும், போட்டோவுக்கு எவ்வளவு, யாராவது பணம் கேட்டா கொடுக்கலாமா, கறுப்பா இருக்கேனே பரவாயில்லையா... ‘எனக்கு நடிப்பு வருமா?’ என்று மட்டும் அதில் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வருமா வராதா என்பது செய்துபார்த்தால்தான் தெரியும், யாரும் சொல்ல முடியாது. இந்த ஒன்பதையோ கிளம்புவதற்கு முன்னால் கேட்டு வைத்துக்கொள்ளலாம். 1998-ல் மலையிறங்கியபோது நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2001-ல், திரும்பி ஏறினேன். இரண்டு படங்களில் உற்றுப் பார்த்தால் என் முதுகு தெரியும். ஒரு தொடரில் கூரியர்காரனாக வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவேன். என் திரைவாழ்க்கை அவ்வளவுதான்.

ஆகவே ஜெயித்தவன் அறிவுரை சொல்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். வழியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று விழுந்தவனுக்கும் தெரியும். அன்றைக்கு அவனிடம் வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதி வைக்கிறேன்.

எங்கே போகணும்?

எங்கள் தாத்தா காலமாக இருந்தால் பதில் சுலபம். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, அடிவாரம் தாண்டிச் சேலத்துக்குள் நுழைந்தால் ஸ்டூடியோ.

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் எங்கள் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. 1937-ல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) வந்ததும் இங்கிருந்துதான். ‘மந்திரி குமாரி’யில் (1950) எஸ்.ஏ.நடராஜன் கதாநாயகியைப் பாறை உச்சிக்கு ஆசை காட்டி அழைத்துப்போகிற காட்சி ஏற்காட்டு மலையில் எடுத்தது என்று எங்கள் பக்கத்துப் பெருசுகள் பாறையைக் கைகாட்டிச் சொல்வார்கள். ஆளுக்கொரு பாறையைக் காட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

பையனுக்கு நான் முக்கியமாகச் சொன்னது வேறு. அந்த ஸ்டூடியோவில் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். எழுத்தாளர், பாட்டுக்காரர், வாத்தியக்காரர் எல்லோரும் அப்படித்தான். சுந்தரம் நேரத்துக்கு வராதவரைப் பொறுத்துக்கொள்ள மாட்டார் என்று பெயர். ஆலைக்கு ஷிப்டுக்குப் போவதுபோல நடிகன் வேலைக்குப் போனான், மாசம் பிறந்தால் சம்பளம் வாங்கினான். சுந்தரம் 1963-ல் காலமானார். மனோரமாவைக் கதாநாயகியாக்கி அந்தக் கம்பெனி ‘கொஞ்சும் குமரி’ எடுத்ததும் அதே வருஷம்தான். பிறகு சில காலம் ஓடி, ஸ்டூடியோ இருந்த இடம் குடியிருப்பாகிவிட்டது. நுழைவு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருபவர்கள் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள். பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது.

இப்போது மாதச் சம்பளத்துக்கு நடிகனை வைத்துக்கொள்ள யாரும் இல்லை. நாள் கணக்குத்தான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உன் சோறு உன் பாடு. மற்ற எட்டுக் கேள்விகளும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

போக வேண்டிய ஊர் சென்னைதான். அதில் மாற்றமில்லை. எங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வராத ரயில் ஒன்று இருக்கிறது, ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஈரோட்டிலிருந்து சேலம் வழியாக ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை சென்ட்ரலுக்குப் போகும். நானும் அதில்தான் போனேன். அதே ரயிலில்தான் திரும்பினேன். இன்றைக்கே அதில் ஏற வேண்டுமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எத்தனை வருஷம் ஆகும்?

“ஒரு வருஷம் பார்க்கறேன் மாமா. இல்லைன்னா திரும்பி வந்துடறேன்” என்றான்.

“உனக்கு விக்ரமைத் தெரியுமா?”

“சீயான் விக்ரமா? அவரைத் தெரியாதா மாமா!”

“அவர் படிச்சது எங்கேன்னு தெரியுமா?”

தெரியவில்லை. ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளியில்தான் விக்ரம் படித்தார். 1983-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். அங்கே நாடகம், குதிரையேற்றம், கராத்தே எல்லாம் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நம் பையன் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற ஊரில் நடிக்க ஆரம்பித்த ஆள்.

அவருடைய அப்பா வினோத் ராஜ் பரமக்குடியிலிருந்து சினிமாவுக்காக வீட்டைவிட்டுக் கிளம்பி வந்தவர். சின்னச் சின்ன வேடங்களோடு அவர் நின்றுபோனார். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தத் தொழிலின் கசப்பு தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே வந்தார். லயோலாவில் படிக்கும்போது ஐ.ஐ.டி. விழாவில் நாடகம் போட்டுச் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். அந்தச் சமயத்தில்தான் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கியது. மூன்று வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கை, இருபதுக்கும் மேல் அறுவை சிகிச்சைகள். பிறகு ஊன்றுகோலோடு எழுந்து வந்தார்.

தூர்தர்ஷன் தொடர், விளம்பரங்கள், 1990-ல் ‘என் காதல் கண்மணி’. அடுத்த வருஷம் ஸ்ரீதர் படம், அதற்கடுத்த வருஷம் பி.சி.ஸ்ரீராமின் ‘மீரா’. பெரிய பெயர்கள். இதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஒன்றும் எடுபடவில்லை. ‘சேது’ 1999 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியானபோது கதாநாயகனாக நடிக்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஓடியிருந்தது. அந்தப் படத்தையும் வாங்க ஆளில்லாமல் பெட்டி பல மாதம் கிடந்தது. பகல் காட்சி ஒன்றோடு ஒரு தியேட்டரில் தொடங்கி, பார்த்தவர் சொல்லிச் சொல்லி நூறு நாள் ஓடியது.

அப்போது நான் சென்னையில்தான் இருந்தேன். சாலிகிராமத்து அறையிலிருந்து ஐந்து பேர் போனோம். படம் முடிந்து வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். யாரும் எதுவும் பேசவில்லை. கடைசியில் ஒருவன் சொன்னான்: “இந்தாளுக்கே இத்தனை வருஷமாடா?” மறுவாரம் அவன் ஊருக்குப் போய்விட்டான். விக்ரம் எங்கள் மலையில் படித்தவர் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்திருப்பேனோ என்னவோ.

சூரி இன்னொருவர். ‘வெண்ணிலா கபடி குழு’வில் (2009) பரோட்டா தின்று ஊருக்கே தெரிந்த முகமானார். அதற்கு முன்னால் சென்னையில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். கதாநாயகனாக ‘விடுதலை’ வந்தது 2023-ல்.

அதனால் ‘ஒரு வருஷம்’ என்பது கணக்கே இல்லை என்றேன். பையன் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது.

அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?

அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நட்ட காபிக் கன்றுகள் இடுப்புயரம் வந்திருந்தன.

“இது எப்போ காய்க்கும்?”

“இன்னும் ஒன்னு ரெண்டு வருஷம் ஆகும்.”

“அதுவரைக்கும் நான் என்ன சாப்பிடறேன்?”

சில்வர் ஓக் மரத்தில் சுற்றி ஏறியிருந்த மிளகுக்கொடியை அண்ணாந்து பார்த்தான். “மிளகு.”

“அதான். நடிக்கப் போறவனுக்கு ஒரு ஊடுபயிர் வேணும்.”

எங்கள் மலையில் இதை யாரும் தத்துவமாகச் சொல்வதில்லை. காபியை மட்டும் நம்பி உட்கார்ந்தவன் விலை விழுந்த வருஷம் கடன்காரன் ஆனான் என்பது ஊரறிந்த கதை. ஊடுபயிரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காபிக்கு நிழல் கொடுக்கிற மரத்தில்தான் மிளகு ஏற வேண்டும். காபிச்செடியின் கழுத்தைப் பிடிக்கிற பயிரை நட்டால் இரண்டும் போச்சு.

விக்ரமுக்கு அந்த மிளகு டப்பிங். ‘அமராவதி’யில் (1993) அஜித்துக்கும், ‘காதலன்’ படத்தில் (1994) பிரபுதேவாவுக்கும், ‘காதல் தேசம்’ படத்தில் (1996) அப்பாசுக்கும் குரல் கொடுத்தவர் அவர். அடுத்தவர் ஜெயித்த படங்களில் இவர் குரல் மட்டும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அவமானம்போலத் தெரியும். டப்பிங் தியேட்டருக்குள் நின்று பார்த்தவனுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட பயிற்சி என்று தெரியும். இருட்டறை. எதிரே திரையில் ஒரே துண்டுக் காட்சி திரும்பத் திரும்ப ஓடும். அந்த நடிகர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தில் உதடு ஒட்டுகிறது, அழுகை தொண்டையில் தொடங்குகிறதா நெஞ்சிலா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்து, அவருடைய உதட்டுக்குள் உன் உயிரை வைக்க வேண்டும். வருஷக்கணக்கில் இதைச் செய்தவருக்கு முகத்தைப் பற்றித் தெரியாதது என்ன மிச்சமிருக்கும்?

எனக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிற வேலை. எட்டுப் பேர் ஒரு மைக்கைச் சுற்றி நிற்போம். “கல்யாண வீடு” என்று உள்ளிருந்து சத்தம் வரும். உடனே “வாங்க வாங்க”, “பந்தி எப்போங்க”, “பொண்ணு எங்க” என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் பேச்சும் தனியாகப் புரியக் கூடாது. மொத்தமாகக் கேட்டால் கல்யாணம் நடக்க வேண்டும். அடுத்து “கலவரம்” என்பார்கள். அதே எட்டுப் பேர். நான் சென்னையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

விஜய் சேதுபதிக்கு ஊடுபயிர் கணக்கு வழக்கு. துபாயில் கணக்காளராக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். சம்பளமும் வந்தது, நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கவும் முடிந்தது. மரமும் கொடியும் ஒரே இடத்தில். 2006-ல் ‘புதுப்பேட்டை’யில் கூட்டத்தில் ஒருவராக நின்றவர், 2010-ல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ நாயகன் ஆனார்.

“நீயும் பி.காம்தானே? முடி. அரியர் வைக்காம முடி” என்றேன்.

பிறகு சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வடபழனி, வளசரவாக்கம் பக்கம் அறையைப் பங்கு போட்டு, மெஸ்ஸில் சாப்பிட்டு, பஸ்ஸில் அலைந்தாலும் இன்றைய விலைவாசியில் மாதம் பதினைந்தாயிரம் இல்லாமல் தள்ள முடியாது என்பது என் கணக்கு. இரண்டு வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். அக்கா தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்திலிருந்து இதை எடுக்கக் கூடாது. பாதியையாவது ஊடுபயிர் கொடுக்க வேண்டும். ஆடிஷனுக்குக் கூப்பிட்டால் பகலில் கிளம்ப முடிகிற வேலையாகவும் அது இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டு, பகுதிநேரக் கணக்கு வேலை, டெலிவரி என்று எதுவாகவும் இருக்கட்டும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கட்டிப்போடுகிற வேலை காபியின் கழுத்தைப் பிடிக்கிற பயிர்.

எங்கே கத்துக்கறது?

ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையை முதலில் சொன்னேன். பசுபதி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை பெரிது. முத்துசாமி 2018-ல் காலமானார். முறையாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் வேண்டுமென்றால் டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். 1959-ல் தொடங்கியது, மூன்று வருஷப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பிரிவு இருக்கிறது. பக்கத்தில் வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை.

தரமணி அரசு திரைப்பட நிறுவனத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நடப்பவை ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலி, அனிமேஷன் மாதிரியான படிப்புகள். நடிப்புக்குப் போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆனால் அந்த மாணவர்கள் பயிற்சிக்காகக் குறும்படம் எடுத்தாக வேண்டும். அதற்கு நடிகர் வேண்டும். பணம் கொடுக்க மாட்டார்கள், சோறு போடுவார்கள். போ. கார்த்திக் சுப்புராஜ் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் படங்களில் நடித்தவர்தான் விஜய் சேதுபதி. கார்த்திக் முதல் படமாக ‘பீட்சா’ (2012) எடுத்தபோது நாயகனை வெளியில் தேடவில்லை. இன்று உன்னோடு சேர்ந்து டீக்குக் காசு தேடுகிறவன் நாளைக்கு இயக்குநர் ஆவான். பெரிய இயக்குநர் ஆபீஸ் வாசலில் நிற்கிற நேரத்தில் பாதியை அவனுக்குக் கொடு.

காசே இல்லாமல் கற்க ஓர் இடமும் சொன்னேன். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூத்து. சேலம், தருமபுரிப் பக்கம் திருவிழாக் காலத்தில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கிறது. ஆட்டக்காரர் தன் முகத்துக்குத் தானே அரிதாரம் போட்டுக்கொள்வார். திரைக்குப் பின்னால் உட்கார அனுமதி கேள், கொடுப்பார்கள். சாயங்காலம் தறி ஓட்டிவிட்டு வந்த மனிதர் ராத்திரி பன்னிரண்டுக்குத் துரியோதனனாக எழுந்து நிற்பதைக் கிட்டத்திலிருந்து பார். விடியற்காலை நான்கு மணிக்கும் அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். முத்துசாமியே புரிசை ஊர்க் கூத்தைப் பார்த்து மயங்கியவர்தான். பட்டறையின் பெயரில் கூத்து இருப்பது சும்மா இல்லை.

போட்டோவும் ஆடிஷனும்

நாங்கள் அலைந்த காலத்தில் ஆல்பம் என்று ஒன்று இருந்தது. கடன் வாங்கிய கோட்டு, கன்னத்தில் கைவைத்த போஸ், பின்னால் பூந்தொட்டி. அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவோம். இப்போது அந்த அலைச்சலில் பெரும்பகுதி போனுக்குள் போய்விட்டது. முதல் சுற்றை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கே ரயில் ஏற வேண்டாம் என்றேன். கரடியூரிலிருந்தே தொடங்கலாம்.

அன்றைக்கே ஒன்று எடுத்துப் பார்த்தோம். அவன் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் பின்னணி. போனை ஜன்னல் கட்டையில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தினேன். மூட்டம் இறங்கியிருந்தது. எங்கள் ஊர் மூட்டத்தைப்போல நல்ல லைட் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது, முகத்தில் ஒரு நிழல் விழாது.

“பேரு, வயசு, உயரம், ஊர் சொல்லு. இடது பக்கம் திரும்பு. வலது பக்கம். கையைக் காட்டு.”

சொன்னான். பெயரையே யாரோ அடிக்க வருகிறார்கள் என்பதுபோலச் சொன்னான். பிறகு வசனம். ஏதோ ஒரு படத்தில் வந்த கோபக் காட்சி. கண்ணை உருட்டி, நரம்பு புடைக்க ஒரு நிமிஷம் கத்தினான். நாய் எழுந்து போய்விட்டது.

“சரி. இப்போ வேற ஒன்னு. போன வருஷம் உங்க ஆடு பள்ளத்துல விழுந்துச்சே, அன்னிக்கு உங்கம்மாகிட்ட எப்படிச் சொன்னே? அதைச் சொல்லு.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, “அம்மா... கோவிச்சுக்காத” என்று தொடங்கினான். குரல் இறங்கிவிட்டது. கண் ஒருதரம் போனைவிட்டுப் பள்ளத்துப் பக்கம் போய் வந்தது. நாற்பது வினாடிதான் இருக்கும். இரண்டையும் போட்டுக் காட்டினேன். எதை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனே முதலாவதை அழித்தான்.

போட்டோவுக்கு அதிகம் செலவு வேண்டாம். மேக்கப் இல்லாமல், வெளிச்சத்தில், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. முகத்தை வெளுப்பாக்குகிற எந்த வித்தையும் வேண்டாம். கறுப்பாக இருக்கேனே என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை ரஜினிகாந்தும் விஜயகாந்தும் எப்போதோ முடித்துவிட்டார்கள். நம் பேச்சையும் விட்டுவிடாதே. சேலத்துப் பேச்சு பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்கிற படங்கள் வரும். அதோடு மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் காதில் வாங்கி வை.

பணம் கேட்டா?

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். 1999-ல் வடபழனியில் ஒரு லாட்ஜில் ஒருவர் அறை போட்டுக் கம்பெனி நடத்தினார். சாமி படத்துக்குப் பூப்போட்டு, பூஜை அழைப்பிதழெல்லாம் அடித்து வைத்திருந்தார். ஹீரோவுக்குத் தம்பி வேஷம், சங்கத்து கார்டும் வாங்கித் தருகிறேன், இருபதாயிரம் ஆகும் என்றார். அப்பா காபி விற்று அனுப்பிய பணம். கொடுத்தேன். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தேன். அறையில் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி பல் விளக்கிக்கொண்டிருந்தார். பூஜை அழைப்பிதழ் ஒன்று மட்டும் குப்பைக்கூடையில் கிடந்தது. அதை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

ஆள் மாறியிருக்கிறார், வழி மாறவில்லை. இன்றைக்கு அது வாட்ஸ்அப்பில் வரும். ‘செலக்ட் ஆகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’, ‘எங்கள் ஆளிடம்தான் போட்டோஷூட் எடுக்க வேண்டும்’, ‘காஸ்ட்யூமுக்கு முன்பணம்’ என்று. பயிற்சிக்குப் பணம் கட்டலாம், அது படிப்பு. வேலை கொடுக்க எவன் பணம் கேட்டாலும் அவனிடம் வேலை இல்லை. தறிக்குப் போகிறவன் முதலாளிக்குக் காசு கொடுத்தா போகிறான்?

வேலை கிடைத்தாலும் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, பேட்டா உண்டா, பணம் எப்போது என்பதை எழுத்தில் கேள். ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயந்தே நான் பல நாள் பேட்டாவைக்கூட விட்டிருக்கிறேன்.

பொண்ணுங்க போகலாமா?

இது தாளில் இல்லாத கேள்வி. வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் தங்கச்சி கேட்டாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

போகலாம். ஆனால் அண்ணனுக்குச் சொன்னதற்குமேல் சில சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017-ல் அமைத்த ஹேமா கமிட்டி 2019-ல் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். அதில் இருந்ததெல்லாம் ஒரு மாநிலத்தோடு நின்றுபோகிற சங்கதியா என்ன? அதன்பிறகு இங்கேயும் நடிகர் சங்கம் புகார்க் குழுவைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாக்கிற 2013-ஆம் வருஷச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். சந்திப்பு அலுவலகத்தில், பகலில். ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டால் போகாதே. கூடவே ஒரு ஆள். எங்கே போகிறாய் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ‘கூட யாரும் வரக்கூடாது’ என்று ஒருவர் சொன்னாலே பதில் கிடைத்துவிட்டது, திரும்பிவிடு.

“அப்போ அண்ணன் போனா நானும் கூடப் போறேன்” என்றாள். “முதல்ல ப்ளஸ் டூ” என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது.

திரும்பி வந்தா?

ஒன்பதாவது கேள்வி இதுதான். எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தான். ‘ஒன்னும் ஆகலைன்னா ஊர்ல சிரிப்பாங்களா?’

அக்கா வெளியே வந்து முறத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். நான் கொஞ்சம் கெத்தாகச் சொன்னேன்: “நான் திரும்பி வந்தப்போ யாருடா சிரிச்சாங்க?”

“சிரிச்சோமே தம்பி” என்றார் அக்கா. “ஒரு வாரம் சிரிச்சோம். நீ டிவியில கூரியர் கொண்டாந்து கொடுத்ததை நடிச்சுக் காட்டிச் சிரிச்சோம். அப்புறம் மிளகு பறிப்பு வந்துடுச்சு. யாருக்கு நேரம்?”

இருபத்தைந்து வருஷமாக எனக்கு இது தெரியாது. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

பையன் இப்போதைக்கு எடுத்திருக்கிற முடிவு இது. ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதுவது. ஒரு வருஷம் சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்ப்பது. அந்த ஒரு வருஷமும் வாரம் ஒரு வீடியோ எடுப்பது. திருவிழாவுக்குத் திருவிழா கூத்து பார்ப்பது. அதற்குப் பிறகுதான் ஏற்காடு எக்ஸ்பிரஸ். வயதும் இருக்கிறது, அவசரமும் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது நடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றால் ‘உனக்கெதுக்கு இந்த வேலை’ என்று விரட்டாதீர்கள். ‘நீதான் அடுத்த சூப்பர் ஸ்டார்’ என்று ஏற்றியும் விடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, காபி காய்க்கும் வரைக்கும் என்ன சாப்பிடுவாய் என்று மட்டும் கேளுங்கள். பதில் வைத்திருந்தால் வண்டிக்கட்டணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.